சைட் வெறும் எழுத்தாக வருகிறதா? ஜாங்கோவில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

தி.நகர் துணிக்கடை, அண்ணா நகர் கோச்சிங் சென்டர், பாரிமுனை ஹார்டுவேர் மொத்த வியாபாரம் என்று ஜாங்கோவில் (பைத்தானில் எழுதிய வெப் ஃப்ரேம்வொர்க்) கட்டிய சின்னச் சின்ன சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் இந்த போன் வந்திருக்கும்: "சார், சைட்டு வெறும் எழுத்தா வருது. நேத்து நல்லாத்தான இருந்துச்சு?" பெரும்பாலும் கோடில் ஒன்றும் கெட்டிருக்காது. பக்கம் ஒரு முகவரியில் ஃபைலைக் கேட்கிறது, ஃபைல் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் தவறியது என்பதை அறிகுறியே சொல்லிவிடும். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரு வேலை.

முதலில் எண்ணைப் பாருங்கள்

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்து, கேஷை (பிரவுசர் சேமித்து வைக்கும் பிரதிகளை) முடக்கும் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிஎஸ்எஸ் (அலங்காரம்), ஜேஎஸ் (பட்டன் போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்) வரிகளுக்குப் பக்கத்தில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 404 என்றால் அந்த முகவரியில் ஃபைல் இல்லை. 403 என்றால் இருக்கலாம், ஆனால் எடுத்துத் தர சர்வருக்கு அனுமதி இல்லை. 200 வந்தும் அலங்காரம் இல்லையென்றால் வந்தது சிஎஸ்எஸ்தானா என்று சந்தேகப்பட வேண்டும். கேஷை முடக்காமல் ஏற்றி 304 வந்தால், ஃபைல் மாறவில்லை என்று சர்வர் சொன்னதால் பிரவுசர் தன்னிடம் உள்ள பிரதியையே வைத்துக்கொண்டது. அடுத்து கன்சோல் டேபில் சிவப்பாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் முதல் வரிதான் முக்கியம். கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள்.

புகார் சொல்பவர் போனில் பார்க்கிறார் என்றால் அவரை எஃப்12 திறக்கச் சொல்ல முடியாது. சிஎஸ்எஸ் ஃபைலின் முழு முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தொட்டுத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: என் மடிக்கணினியில் சரி, சர்வரில் மட்டும் வெறும் எழுத்து (எண் 404)

முதல் சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே சைட்டின் அட்மின் பக்கத்தைத் திறங்கள். அட்மினும் அலங்காரம் இல்லாமல் வந்தால் ஸ்டேட்டிக் ஃபைல்கள் (சிஎஸ்எஸ், ஜேஎஸ், படங்கள்) மொத்தமாகவே பரிமாறப்படவில்லை. அட்மின் அழகாக வந்து உங்கள் பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தால் பரிமாறும் வழி சரி, உங்கள் ஃபைலின் இடமோ பெயரோதான் தவறு. இதைச் செய்யாமல் என்ஜின்எக்ஸ் (முன்னால் நின்று ஃபைல்களைப் பரிமாறும் வெப் சர்வர்) செட்டிங்கை நோண்ட ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

அட்மினும் மொட்டை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

டீபக் (பிழை தேடும் நிலைக்கான செட்டிங்) அணைந்திருக்கிறதா? மடிக்கணினியில் ரன்சர்வர் (ஜாங்கோவின் சோதனை சர்வர்) ஓடும்போது, டீபக் திறந்திருந்தால் ஜாங்கோவே ஸ்டேட்டிக் ஃபைல்களைத் தருகிறது. டீபக்கை அணைத்ததும் அந்தச் சேவை நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உடனே பலரும் செய்வது, சர்வரில் டீபக்கைத் திறந்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். ஏதாவது பிழை வந்தால் உங்கள் கோடின் வரிகள், ஃபோல்டர் பாதைகள் எல்லாம் போகிற வருகிறவருக்குத் தெரியும். ஓடிய எஸ்க்யூஎல் வினவல்களை ஜாங்கோ நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே வேறு இருக்கும். இத்தனைக்கும் பலன் ஒன்றுமில்லை: ஜியூனிகார்ன் (நிஜ சர்வரில் ஜாங்கோவை ஓட்டும் நிரல்) வழியாக ஓடும் சைட்டில் டீபக்கைத் திறந்தாலும் ஸ்டேட்டிக் ஃபைல் தானாக வராது, அது ரன்சர்வருக்கு மட்டும் உள்ள வசதி.

கலெக்ட்ஸ்டேட்டிக் ஓடியதா? ஒவ்வொரு ஆப்பிலும் உள்ள ஸ்டேட்டிக் ஃபோல்டர், ஸ்டேட்டிக்ஃபைல்ஸ் டிர்ஸ் பட்டியலில் உள்ள ஃபோல்டர்கள் எல்லாவற்றிலிருந்தும் அள்ளி, ஸ்டேட்டிக் ரூட் என்று நீங்கள் சொன்ன ஒரே இடத்தில் கொட்டுவது இந்தக் கமாண்டின் வேலை. அந்த ஃபோல்டருக்குள் போய் அட்மின் என்ற உள்ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கமாண்ட் ஓடவில்லை, அல்லது வேறு செட்டிங்ஸ் ஃபைலை வைத்து ஓடியிருக்கிறது. சர்வருக்குத் தனி செட்டிங்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டேட்டிக் ரூட் என்பது கொட்டும் இடம் மட்டுமே. அவசரத்துக்கு அதற்குள் நேரடியாக மெயின்.சிஎஸ்எஸ்-ஐத் திருத்திவிட்டுப் போனால், அடுத்த முறை யாராவது கிளியர் விருப்பத்தோடு கலெக்ட்ஸ்டேட்டிக் ஓட்டும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும். திருத்தம் எப்போதும் மூல ஃபோல்டரில்.

என்ஜின்எக்ஸ் சரியான பாதையில் தேடுகிறதா? ஊகிக்க வேண்டாம். அதன் எர்ரர் லாக்கைத் திறங்கள். எந்த முழுப் பாதையில் தேடி ஏமாந்தது என்று அங்கேயே எழுதியிருக்கும். பாதையில் ஸ்டேட்டிக் என்ற சொல் இரண்டு முறை வந்தால் காரணம் தெரிந்துவிட்டது: அலியாஸ் போட வேண்டிய இடத்தில் ரூட் போட்டிருக்கிறீர்கள். ரூட் என்றால் கேட்ட முகவரி முழுவதும் ஃபோல்டர் பாதையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அலியாஸ் என்றால் லொகேஷன் வரியில் உள்ள பகுதி நீங்கி, அந்த இடத்தில் ஃபோல்டர் பாதை வரும். அலியாஸ் போடும்போது லொகேஷனின் முடிவில் சாய்கோடு இருந்தால் பாதையின் முடிவிலும் இருக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போனால் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் ஒட்டிப்போகும், அதுவும் லாக்கில் தெரியும். மாற்றிய பிறகு முதலில் என்ஜின்எக்ஸின் சோதனைக் கமாண்டை ஓட்டி, பிழை இல்லை என்று வந்தபின்தான் ரீலோட்.

என்ஜின்எக்ஸைத் தொடும் அனுமதியே இல்லாத ஹோஸ்டிங்கா? ஆப்பே ஸ்டேட்டிக் ஃபைல்களைத் தர உதவும் ஒயிட்நாய்ஸ் போடுங்கள், சின்ன சைட்டுக்குத் தாராளமாகப் போதும். மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் அடுக்குகள்) பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரியிலேயே அது இருக்க வேண்டும். ஆப் தொடங்கும்போதே அது ஃபைல்களைப் பட்டியலிட்டுக்கொள்ளும், அதனால் கலெக்ட்ஸ்டேட்டிக் ஓட்டியபின் ஆப்பை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். "எல்லாம் செஞ்சேன், இன்னும் 404" என்பவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

அட்மின் சரி, உங்கள் பக்கம் மட்டும் மொட்டை என்றால் எழுத்தைச் சரிபாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஃபைல் பெயரில் பேதம் இல்லை. லினக்ஸில் உண்டு. டெம்ப்ளேட்டில் ஒரு விதமாகவும் டிஸ்கில் ஒரு விதமாகவும் இருந்தால் உங்கள் மேசையில் ஓடும், சர்வரில் ஓடாது. கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஃபைல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிட்இக்னோர் பட்டியலில் ஸ்டேட்டிக் என்று பொதுவாகப் போட்டுவைத்து, மூல ஃபோல்டரையும் சேர்த்து மறைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டாக்கரில் (ஆப்பை ஒரு பெட்டியாகக் கட்டி ஓட்டும் முறை) ஓடும் சைட். இமேஜ் கட்டும்போது ஓடிய கலெக்ட்ஸ்டேட்டிக்கின் ஃபைல்களை, பின்னால் மாட்டிய வால்யூம் மறைத்துக்கொண்டிருக்கலாம். டாக்கர் கம்போஸ் ஃபைலை எழுதியவர் பார்த்தால் சீக்கிரம் முடியும். நீங்கள் பார்த்தால் ராத்திரியாகிவிடும்.

அறிகுறி: ஃபைல் அங்கேயே இருக்கிறது, ஆனால் 403

ஸ்டேட்டிக் ஃபோல்டரின் முகவரியை மட்டும் பிரவுசரில் தட்டி 403 வந்தால் பயப்பட வேண்டாம், ஃபோல்டர் பட்டியலைக் காட்ட என்ஜின்எக்ஸ் மறுப்பது சகஜம். ஒரு குறிப்பிட்ட ஃபைலைக் கேட்டும் 403 வந்தால்தான் கோளாறு.

புது உபுண்டு சர்வருக்கு மாறியதும் இது வந்தால், சைட் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டருக்கு 750 அனுமதிதான் கிடைக்கிறது. என்ஜின்எக்ஸ் வேறு பயனராக ஓடுவதால் அதற்குள் நுழையவே முடியாது. ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பலனில்லை, மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும். என் யோசனை, ஸ்டேட்டிக் ரூட்டை ஹோமிலிருந்து வெளியே, வார் ஃபோல்டருக்குள் உள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்கு மாற்றிவிடுவது. 777 போட்டுத் திறந்துவிட்டால் அப்போதைக்கு வேலை செய்யும், பிறகு அந்த சர்வரில் யாராவது புகுந்து ஃபைலை மாற்றினால் ஏன் என்று கேட்க முடியாது.

ரெட்ஹேட் வகை சர்வரில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. அதை அணைத்துவிட்டுக் கடந்து போகாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: எண் 200, ஆனாலும் அலங்காரம் இல்லை

கன்சோலில் மைம் டைப் (ஃபைலின் வகை) சரியில்லை, ஸ்டைலை ஏற்க மறுக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் சிறியது குறி எதிர்பாராமல் வந்தது என்று சின்டாக்ஸ் பிழை காட்டும். அந்த ஃபைலைத் தனி டேபில் திறங்கள். உங்கள் சைட்டின் முகப்புப் பக்கமோ லாகின் பக்கமோ வந்தால், சிஎஸ்எஸ் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்திருக்கிறது. முகவரிப் பட்டியலின் கடைசியில் எதைக் கேட்டாலும் முகப்பைக் கொடு என்று ஒரு வரி போட்டிருப்பீர்கள், ரியாக்ட் மாதிரி ஏதாவது சேர்த்தவர்கள் அநேகமாகப் போட்டிருப்பார்கள். ஸ்டேட்டிக் முகவரி அதில் போய் மாட்டுகிறது. அல்லது லாகின் இல்லாத எவரையும் உள்ளே விடாத மிடில்வேர் ஒன்று சிஎஸ்எஸ்ஸையும் வாசலில் நிறுத்துகிறது.

திறந்ததும் சிஎஸ்எஸ்ஸே வந்தால், சர்வர் அதை வெறும் டெக்ஸ்ட் என்று சொல்லி அனுப்புகிறது. ஜாங்கோ 3.0-லிருந்து, செக்யூரிட்டி மிடில்வேர் இருந்தாலே, அதன் வழியாகப் போகும் பதில்களோடு, வகையை ஊகிக்காதே என்ற நோஸ்னிஃப் தலைப்பு (ஹெடர்) தானாகப் போகிறது. பிரவுசரும் சொன்னபடி கேட்கிறது. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கைப் புதிதாகக் கையால் எழுதியிருந்தால் மைம்.டைப்ஸ் ஃபைலைச் சேர்க்கும் வரி விட்டுப்போயிருக்கும். விண்டோஸ் மடிக்கணினியில் ஜேஎஸ் மட்டும் இப்படி மறுக்கப்பட்டால் ஏதோ ஒரு மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் அந்த நீட்சியின் வகையை மாற்றிவைத்திருக்கிறது. செட்டிங்ஸில் பைத்தானின் மைம்டைப்ஸ் மாட்யூலைக் கொண்டு சரியான வகையைச் சேர்த்தால் போதும், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டாம்.

அறிகுறி: மாற்றினேன், ஆனால் வாடிக்கையாளருக்குப் பழையதே தெரிகிறது

தீபாவளி ஆஃபருக்குக் கலர் மாற்றிவிட்டீர்கள். உங்களுக்குப் புதியது தெரிகிறது. கடை முதலாளியின் போனில் ஆடித் தள்ளுபடியே ஓடுகிறது. முதலாளி கோபம் நியாயம்தான், ஆனால் காரணத்தைத் தேடும் வரிசை முக்கியம்.

கேஷ் முடக்கி ஏற்றியும் உங்களுக்கே பழையது வந்தால் பிரவுசர் கேஷ் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் கலெக்ட்ஸ்டேட்டிக் ஓடவில்லை. உங்களுக்குப் புதியது, அவருக்குப் பழையது என்றால் அவருடைய பிரவுசர் கேஷ். நடுவில் கிளவுட்ஃபிளேர் மாதிரி ஏதாவது இருக்கிறதா? சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களை அது கேட்காமலேயே சேமித்து வைக்கும், அங்கே போய் கேஷைத் துடைக்க வேண்டும். சைட்டை ஆப் மாதிரி போனில் நிறுவ வசதி செய்திருந்தால் சர்வீஸ் ஒர்க்கர் தனியாக ஒரு பிரதி வைத்திருக்கும். அதை டெவலப்பர் டூல்ஸின் அப்ளிகேஷன் டேபில் பார்க்கலாம்.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "கேஷ் க்ளியர் பண்ணுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நிரந்தர மருந்து மேனிஃபெஸ்ட் ஸ்டேட்டிக் ஃபைல்ஸ் ஸ்டோரேஜ். கலெக்ட்ஸ்டேட்டிக் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு குறியீடு எடுத்து அதை ஃபைல் பெயரோடு சேர்த்துவிடும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பெயர் மாறினால் எந்தக் கேஷும் பழையதைத் தர முடியாது.

அதைப் போட்டபின்னும் பழையதே வருகிறதா? பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். ஃபைல் பெயரில் குறியீடு இல்லையென்றால் டெம்ப்ளேட்டில் ஸ்டேட்டிக் டேக் போடாமல் முகவரியைக் கையால் எழுதியிருக்கிறீர்கள், அல்லது டீபக் திறந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஜாங்கோ பதிப்பைப் பாருங்கள். 4.2-ல் ஸ்டோரேஜஸ் என்ற புது செட்டிங் வந்தது. ஸ்டேட்டிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ் என்ற பழைய செட்டிங் 5.1-ல் நீக்கப்பட்டது. பழைய வரியை அப்படியே வைத்துக்கொண்டு 5.1-க்கு ஏறினால் ஜாங்கோ ஒரு எச்சரிக்கைகூடத் தராது, பேசாமல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சைட் ஓடும், குறியீடு மட்டும் இருக்காது. அப்கிரேட் செய்து பல நாள் கழித்து, முதல் டிசைன் மாற்றத்தின்போதுதான் இது வெளியே வரும். அதற்குள் அப்கிரேட் நடந்ததே எல்லோருக்கும் மறந்திருக்கும்.

பேனர் படம் மட்டும் பழையதா? சிஎஸ்எஸ்ஸுக்குள் யூஆர்எல் என்று எழுதிய படங்களின் பெயரை ஸ்டோரேஜே மாற்றிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் எழுதிய படப் பாதையை மாற்றாது. அதை டெம்ப்ளேட்டிலிருந்து டேட்டா ஆட்ரிபியூட்டாக அனுப்புங்கள்.

அறிகுறி: மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜைப் போட்டதும் சைட்டே 500 (சர்வர் பிழை)

லாக்கில் மேனிஃபெஸ்ட் என்ட்ரி இல்லை என்று வேல்யூ எர்ரர் இருக்கும், கூடவே ஃபைல் பெயரும் இருக்கும். முன்பு அந்த ஒரு ஃபைல் மட்டும் 404 ஆகியிருக்கும், இப்போது பக்கமே விழுகிறது. கொஞ்சம் கடுமைதான், ஆனால் தப்பை மறைக்காது. கலெக்ட்ஸ்டேட்டிக்கை ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகவில்லையென்றால் டெம்ப்ளேட்டில் அந்தப் பெயரைப் பாருங்கள்: எழுத்துப் பிழை, அல்லது முன்னால் தேவையில்லாத சாய்கோடு.

கலெக்ட்ஸ்டேட்டிக்கே பாதியில் நின்றால் அநேகமாக விலைக்கு வாங்கிய தீம்தான். அதன் சிஎஸ்எஸ் இல்லாத ஒரு படத்தையோ, கடைசி வரியில் மேப் ஃபைல் ஒன்றையோ சுட்டியிருக்கும். படம் என்றால் அதைக் கொண்டுவந்து வையுங்கள். மேப் என்றால் அந்தக் கடைசிக் குறிப்பு வரியை அழித்துவிடுங்கள், சைட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வரும், நான்கைந்து முறை ஓட்ட வேண்டியிருக்கலாம்.

அறிகுறி: பக்கம் அழகு, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை

கன்சோலில் டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்று இருந்தால், ஜேக்வெரி (பரவலாகப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வருவதற்கு முன்பே அதை நம்பிய ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. இரண்டு ஸ்கிரிப்ட்டுகளிலும் ஏசிங்க் போட்டிருந்தால் எது முதலில் இறங்குகிறதோ அது முதலில் ஓடும். அதனால்தான் ஒரு முறை வேலை செய்து மறுமுறை செய்யாது. டிஃபர் போட்டால் எழுதிய வரிசை காக்கப்படும்.

எல்லாப் பக்கத்திலும் வேலை செய்து ஒரே ஒரு பக்கத்தில் செய்யவில்லையா? அந்தப் பக்கத்தின் டெம்ப்ளேட்டில் ஸ்கிரிப்ட் பிளாக்கை மறுபடி எழுதி, உள்ளே பிளாக்.சூப்பர் போடாமல் விட்டிருப்பீர்கள். தாய் டெம்ப்ளேட்டின் ஸ்கிரிப்ட்டுகள் முழுக்கப் போய்விடும். இது நடக்கும் அளவுக்கு வேறு எதுவும் நடப்பதில்லை.

ஜேக்வெரி இரண்டு முறை ஏறினாலும் தகராறு: முதல் பிரதியில் ஒட்டிய பிளகின் இரண்டாவது பிரதி வந்ததும் காணாமல் போகும். நெட்வொர்க் டேபில் தேடிப் பாருங்கள், ஒன்றுதான் இருக்க வேண்டும்.

வீட்டில் ஓடுகிறது, ஓஎம்ஆர் பக்கம் ஏதோ ஒரு ஆபீஸில் மட்டும் ஓடவில்லை என்றால் அந்த ஆபீஸின் ஃபயர்வால் வெளி சிடிஎன்-ஐ (பொதுவான ஃபைல்களைத் தரும் வெளி சர்வர்களை) தடுக்கலாம். மொபைல் டேட்டாவில் அதே ஆளைப் பார்க்கச் சொன்னால் உறுதியாகும். ஃபைலை இறக்கி உங்கள் ஸ்டேட்டிக் ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்தில் எச்டிடிபி ஸ்கிரிப்ட் கேட்டாலும் பிரவுசர் தடுக்கும், கன்சோலில் மிக்ஸ்ட் கன்டென்ட் என்று சொல்லிவிடும். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எங்கிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்ற கட்டுப்பாடு) மீறல் என்று வந்தால் அதைப் போட்டவரைக் கேட்காமல் தளர்த்தாதீர்கள். பணம் கட்டும் பக்கம் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

அறிகுறி: என் ஃபைலை விட்டுவிட்டு வேறு யாருடைய சிஎஸ்எஸ்ஸோ வருகிறது

இரண்டு ஆப்பிலும் ஸ்டைல்.சிஎஸ்எஸ் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு லட்சுமி இல்லம் இருந்தால் தபால்காரர் முதலில் வரும் வீட்டில்தான் போடுவார், ஜாங்கோவும் அப்படித்தான். ஃபைண்ட்ஸ்டேட்டிக் கமாண்டோடு ஃபைல் பெயரைக் கொடுத்தால் எங்கெல்லாம் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். முதலில் வருவதே ஜெயிக்கும். ஆப்பின் ஸ்டேட்டிக் ஃபோல்டருக்குள் ஆப் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் ஃபைல்களை வையுங்கள்.

அறிகுறி: ஆங்கிலம் சரி, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக

பிடிஎஃப் பில்லில் மட்டும் வருகிறதா, பக்கத்திலுமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்-இல் மட்டும் என்றால் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது, அதனால் அங்கே சரியாக வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி, எழுத்துருக் கேஷைப் புதுப்பித்து, ஆப்பை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. கட்டம் போய் எழுத்து வந்து, கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பிடிஎஃப் செய்யும் லைப்ரரி தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது. அதில் மல்லுக்கட்டாமல் லைப்ரரியை மாற்றுவதே மலிவு.

பக்கத்தில் கட்டம் வராமல், தமிழ் மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டாமல் தெரிந்தால் நீங்கள் சேர்த்த எழுத்துருவில் தமிழ் இல்லை. போனிலோ கணினியிலோ உள்ள ஏதோ ஒன்றை பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் இரண்டு மொழியும் உண்டு. எழுத்துரு ஃபைல் வேறு டொமைனில் இருந்தால் கார்ஸ் அனுமதித் தலைப்பு இல்லாமல் பிரவுசர் அதை ஏற்காது. சிஎஸ்எஸ் வரும், எழுத்துரு வராது.

அறிகுறி: எல்லாம் வருகிறது, மெதுவாக

என்ஜின்எக்ஸில் ஜிசிப் போட்டிருந்தாலும், சொல்லாவிட்டால் எச்டிஎம்எல்லை மட்டும்தான் சுருக்கும். ஜிசிப் டைப்ஸ் வரியில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வகைகளைச் சேருங்கள். அதற்குமேல் மெதுவாக இருந்தால் பெரும்பாலும் படங்கள்தான், அது வேறு கதை.

வெளி ஆளைக் கூப்பிடும்போது

"சைட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மேலே உள்ள அத்தனையையும் அவர் முதலிலிருந்து பார்ப்பார், அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும். நெட்வொர்க் டேப் ஸ்கிரீன்ஷாட், கன்சோலின் முதல் சிவப்பு வரி, என்ஜின்எக்ஸ் எர்ரர் லாக்கின் கடைசிப் பகுதி, ஜாங்கோ பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற ஒரு வரி, இவற்றை அனுப்புங்கள். செட்டிங்ஸ் ஃபைல் கேட்டால் சீக்ரெட் கீயையும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். சர்வரில் நுழைய வேண்டுமென்றால் ரூட் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் போடாமல், அவருக்கென்று ஒரு பயனர் உருவாக்கி அவருடைய எஸ்எஸ்எச் கீயைச் சேர்த்துக் கொடுத்து, வேலை முடிந்த அன்றே அந்தப் பயனரை நீக்கிவிடுங்கள்.